30 சதவிகிதத்தில் அணையும் போன்

2017 டிசம்பர் மாதத் தொடக்கம். ஐபோன் 6எஸ் வைத்திருந்த ஒருவருக்கு, தன் போன் சில வாரங்களாகத் திணறித் திணறி ஓடுவது ஏனென்று புரியவில்லை. மென்பொருளைப் புதுப்பித்துப் பார்த்தார், பயனில்லை. அவருடைய சகோதரரிடம் இருந்தது அதைவிடப் பழைய மாடல். ஆனால் அது இவருடையதைவிட வேகமாக இயங்கியது. சந்தேகம் தட்டி, போனின் பேட்டரியை மாற்றினார். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் போனின் வேகத்தை அளக்கும் செயலியை ஓட்டிப் பார்த்தார். மதிப்பெண் ஏறக்குறைய இரட்டிப்பாகியிருந்தது. பிராசஸர் அதே, மென்பொருள் அதே. மாறியது பேட்டரி ஒன்றுதான்.

அந்த எண்களை அவர் இணையத்தில் போட்டதும் பேச்சு பரவியது. வேகம் அளக்கும் அந்தச் செயலியின் பெயர் கீக்பெஞ்ச். அதை உருவாக்கிய நிறுவனத்தின் நிறுவனர் ஜான் பூல், கனடாவின் டொரன்டோவில் இருந்தார். ஏராளமான ஐபோன்களின் அளவீடுகள் அவர் கைவசம் இருந்தன. அவற்றை மென்பொருள் பதிப்புவாரியாகப் பிரித்து, டிசம்பர் 18 அன்று வரைபடங்களாக வெளியிட்டார். ஒரே மாடல் போன்கள் எல்லாம் ஒரே மதிப்பெண்ணைச் சுற்றித்தான் குவிய வேண்டும். பழைய பதிப்பில் அப்படித்தான் குவிந்திருந்தன. புதிய பதிப்பிலோ, குறைந்த மதிப்பெண்களில் ஆங்காங்கே புது மேடுகள் முளைத்திருந்தன. இயல்பான தேய்மானம் இப்படிப் படிக்கட்டு கட்டிக்கொண்டு இறங்காது. மென்பொருள்தான் வேகத்தைக் குறைக்கிறது என்பது தெளிவாகிவிட்டது.

இரண்டே நாளில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. பேட்டரி பழசான ஐபோன்கள் திடீரென்று அணைந்துபோவதைத் தடுப்பதற்காக, அந்த ஆண்டு ஜனவரியில் வந்த மென்பொருளிலேயே பிராசஸரின் உச்ச வேகத்துக்குக் கடிவாளம் போட்டிருந்தது அந்த நிறுவனம். போன் வைத்திருந்தவர்களுக்கு அது வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை. டிசம்பர் 28 அன்று மன்னிப்புக் கேட்டது. 79 டாலராக இருந்த பேட்டரி மாற்றும் கட்டணத்தை 29 டாலராக இறக்கியது. விவகாரம் அதோடு நிற்கவில்லை. 2020 பிப்ரவரியில் பிரான்ஸ் 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. அடுத்த மாதம், அமெரிக்காவில் பயனர்கள் தொடுத்த வழக்கை முடிக்க 50 கோடி டாலர் வரை தருவதாக ஆப்பிள் இறங்கிவந்தது. நவம்பரில் அமெரிக்க மாநிலங்களுக்கு 11.3 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது.

இந்த விவகாரத்தில் எல்லாவற்றையும்விட முக்கியமான தகவல் 2019 ஜனவரி 2 அன்றுதான் வெளிவந்தது. விற்பனை வருமானம் எதிர்பார்த்ததைவிடக் குறையும் என்று முதலீட்டாளர்களுக்கு எழுதிய கடிதத்தில், ஆப்பிளின் தலைமைச் செயல் அதிகாரி டிம் குக் பல காரணங்களை அடுக்கினார். அவற்றில் ஒன்று, குறைந்த கட்டணத்தில் பலர் பேட்டரியை மாற்றிக்கொண்டது. அதாவது, புது போன் வாங்கியே தீர வேண்டும் என்று நினைத்திருந்த பலருக்கு உண்மையில் தேவைப்பட்டது ஒரு பேட்டரி மட்டுமே.

மோட்டார் போட்டால் மங்கும் பல்பு

"முப்பது பர்சென்ட் காட்டுச்சு சார், அப்படியே ஆஃப் ஆயிடுச்சு." சென்னை ரிச்சி தெருவில் போன் பழுது பார்க்கும் எந்தக் கடையில் ஒரு மணி நேரம் நின்றாலும் இந்தப் புகார் காதில் விழும். 30 சதவிகிதம் மிச்சம் இருந்தும் போன் ஏன் அணைய வேண்டும்?

ஸ்மார்ட்போன் பேட்டரிக்குள் இரண்டு மின்முனைகள் இருக்கின்றன. ஒன்று செம்புத் தகட்டில் பூசிய கிராஃபைட். மற்றது அலுமினியத் தகட்டில் பூசிய லித்தியம் கோபால்ட் ஆக்சைடு. இரண்டும் ஒட்டிக்கொள்ளாமல் நடுவே மெல்லிய தடுப்புத் தாள். மூன்றையும் நனைத்துக்கொண்டு மின்பகு திரவம். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் ஆக்சைடு பக்கத்திலிருந்து கிராஃபைட் பக்கம் போய் அதன் அடுக்குகளுக்குள் புகுந்துகொள்கின்றன. போனைப் பயன்படுத்தும்போது திரும்பி வருகின்றன. இவ்வளவுதான் வேலை. ஆனால் ஒவ்வொரு போக்குவரத்திலும் கொஞ்சம் லித்தியம் வழியிலேயே தங்கிவிடுகிறது. கிராஃபைட்டின் மேல் மெல்லிய படலம் ஒன்று படிகிறது. முதல் சில சார்ஜிலேயே உருவாகும் இந்தப் படலம் இல்லாவிட்டால் பேட்டரியே இயங்காது. அதே படலம் ஆண்டுக்கணக்கில் தடித்துக்கொண்டே போவதுதான் பேட்டரியின் முதுமை.

முதுமையால் இரண்டு இழப்புகள். கொள்ளளவு குறைவது ஒன்று. அது எல்லோருக்கும் தெரியும். பேட்டரியின் உள்மின்தடை ஏறுவது இன்னொன்று. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கிராமத்து வீட்டில் தண்ணீர் மோட்டாரைப் போட்டதும் பல்பு ஒரு கணம் மங்குமே, அதேபோலத்தான் கேமராவைத் திறக்கும்போதோ வீடியோ கால் தொடங்கும்போதோ பிராசஸர் சட்டென்று மின்சாரத்தை இழுக்க, முதிர்ந்த பேட்டரியின் வோல்டேஜ் படக்கென்று சரிகிறது. பாதுகாப்பு எல்லைக்குக் கீழே போனால் போன் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். பேட்டரியில் மின்சாரம் இருக்கிறது. கேட்ட வேகத்தில் கொடுக்கத்தான் அதற்குத் தெம்பில்லை. ஆப்பிள் பிராசஸரின் வேகத்தைக் குறைத்ததும் இந்த இழுவையைத் தணிக்கத்தான். பொறியியல்படி அது சரியான தீர்வே. சொல்லாமல் செய்ததுதான் தவறு.

திரையின் மூலையில் தெரியும் சதவிகிதமும் நேரடி அளவு அல்ல. பேட்டரிக்குள் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று எட்டிப் பார்க்கும் கருவி எதுவும் கிடையாது. உள்ளே போன மின்சாரம், வெளியே வந்த மின்சாரம், வோல்டேஜ், வெப்பநிலை ஆகியவற்றைக் கணக்கிட்டு ஒரு சிப் ஊகித்துச் சொல்கிறது. பேட்டரி முதிர முதிர அந்த ஊகமும் பிசகும்.

பாதியில் தொடங்கிய பயணம்

இந்த லித்தியம் அயன் பேட்டரியின் பிறப்பே ஒரு நெருக்கடியில்தான். 1970-களின் எண்ணெய்த் தட்டுப்பாட்டுக் காலத்தில், எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தில் பணியாற்றிய ஸ்டான்லி விட்டிங்ஹாம், லித்தியம் உலோகத்தையும் டைட்டானியம் டைசல்ஃபைடையும் வைத்து ஒரு பேட்டரி செய்தார். அது தீப்பற்றும் அபாயம் கொண்டதாக இருந்தது. 1980-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குடினஃப் லித்தியம் கோபால்ட் ஆக்சைடைக் கண்டெடுத்தார். வோல்டேஜ் நான்கைத் தொட்டது. 1985-இல் ஜப்பானின் அசாஹி கசெய் நிறுவனத்தில் அகிரா யோஷினோ, லித்தியம் உலோகத்தை அப்புறப்படுத்திவிட்டு அந்த இடத்தில் கார்பனை வைத்தார். பாதுகாப்பு வந்தது. 1991-இல் சோனி அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2019-இல் மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தபோது குடினஃபுக்கு வயது 97. நோபல் பெற்றவர்களிலேயே மூத்தவர் அவர்தான்.

அதன்பிறகு பேட்டரியின் கொள்ளளவு ஆண்டுக்குச் சில சதவிகிதம் என்ற அளவில்தான் நகர்ந்திருக்கிறது. பிராசஸரும் திரையும் பாய்ந்த வேகத்தில் அது வரவில்லை. தினமும் சாயங்காலம் பிளக் பாயின்ட் தேடும் பாடு அந்த இடைவெளியில்தான் பிறக்கிறது.

கத்திரி வெயிலில் பேட்டரி

ஒருநாள் சார்ஜ் எத்தனை மணி நேரம் நிற்கிறது என்பது ஒரு கேள்வி. பேட்டரி எத்தனை ஆண்டு உழைக்கும் என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பாதி அறிவுரைகள் தடம் மாறுகின்றன. ஆண்டுக்கணக்கைத் தீர்மானிப்பவற்றில் முதலிடம் வெப்பத்துக்கு.

பேட்டரி சோதனைக் கருவிகள் தயாரிக்கும் கனடாவின் கேடெக்ஸ் நிறுவனம் நடத்தும் 'பேட்டரி யூனிவர்சிட்டி'யின் அட்டவணை ஒன்று இந்தத் துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும். லித்தியம் அயன் பேட்டரியை ஓராண்டு பயன்படுத்தாமல் சும்மா வைத்திருந்தால் என்ன மிஞ்சும் என்பதுதான் கணக்கு. 25 டிகிரி செல்சியஸில், 40 சதவிகித சார்ஜில் வைத்தால் 96 சதவிகிதக் கொள்ளளவு மிஞ்சுகிறது. அதே வெப்பநிலையில் முழு சார்ஜில் வைத்தால் 80. வெப்பநிலை 40 டிகிரி ஆனால், 40 சதவிகித சார்ஜில் 85. முழு சார்ஜில் 65. பயன்படுத்தாமலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது. வெப்பம், முழு சார்ஜ் என்ற இரண்டும் தனித்தனியே கெடுக்கும்; சேர்ந்தால் இன்னும் அதிகமாகக் கெடுக்கும்.

இந்தக் கணக்கைத் தமிழ்நாட்டு மே மாதத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஐபோனைச் சுற்றியுள்ள வெப்பநிலை 35 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, போனால் பேட்டரிக்கு நிரந்தரப் பாதிப்பு வரலாம் என்கிறது ஆப்பிளின் வழிகாட்டுதல். வேலூரிலும் திருச்சியிலும் சென்னையிலும் கத்திரி வெயிலில் 40 டிகிரி சர்வசாதாரணம். அதுவும் நிழலில் எடுத்த அளவு.

உணவு டெலிவரி செய்யும் இளைஞர்களின் பைக்கை ஒருமுறை கவனித்தால் போதும். ஹேண்டில்பாரில் மாட்டிய ஸ்டாண்டில் போன், உச்சி வெயிலில். வெயிலில் கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்று திரை வெளிச்சம் உச்சத்தில். ஜிபிஎஸ் ஓயாமல் ஓடுகிறது. மொபைல் டேட்டா ஓயாமல் ஓடுகிறது. சார்ஜ் இறங்காமலிருக்க பவர் பேங்க் வயரும் சொருகியிருக்கிறது. பேட்டரியைக் கொல்லும் காரணிகள் அத்தனையும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில். அந்த போன்தான் அவர்களுக்குச் சோறு போடும் கருவி. அது சீக்கிரம் தேய்வதற்கான செலவை அவர்களே ஏற்கிறார்கள். பேட்டரி தேய்மானம் எல்லோருக்கும் ஒன்றல்ல. குளிர்சாதன அறையில் இருப்பவரின் போன் நிதானமாக முதிர்கிறது, தெருவில் உழைப்பவரின் போன் அவசரமாக முதிர்கிறது.

குளிர் வேறு மாதிரி. லடாக் போய் வந்தவர்கள் போன் சார்ஜ் கடகடவென்று இறங்கியதாகச் சொல்வார்கள். அது தற்காலிகம், உள்ளே அயனிகளின் நடமாட்டம் மந்தமாகிறது, சூடேறினால் சரியாகிவிடும். ஆனால் உறைநிலையில் சார்ஜ் ஏற்றினால் லித்தியம் கிராஃபைட்டுக்குள் நுழைய முடியாமல் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும். அது திரும்பாது.

நூறைத் தொடாமல்

முழு சார்ஜ் ஏன் கெடுதல்? சார்ஜ் ஏற ஏற பேட்டரியின் வோல்டேஜ் ஏறுகிறது. உச்சத்தில் அது 4.2 வோல்ட்டுக்கு மேலேயே நிற்கும். அந்த அழுத்தத்தில் மின்பகு திரவம் மெல்லச் சிதைகிறது, ஆக்சைடு பக்கமும் களைக்கிறது. இரவு பத்து மணிக்குச் சொருகிவிட்டுக் காலையில் எடுப்பவரின் போன், நள்ளிரவுக்கு முன்பே நிரம்பி, மீதி நேரமெல்லாம் அந்த உச்சத்திலேயே கிடக்கிறது. கட்டுப்பாட்டுச் சுற்று இருப்பதால் சார்ஜ் அளவுக்கு மீறி ஏறி வெடித்துவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. தேய்மானம்தான் பிரச்சினை.

இதற்காகத்தான் 2019-இல் ஐபோனில், 80 சதவிகிதத்தில் நிறுத்திவைத்து எழுந்திருக்கும் நேரத்தில் மீதியை ஏற்றும் வசதி வந்தது. 2023-இல் ஐபோன் 15 வரிசையில், 80-ஐத் தாண்டவே வேண்டாம் என்று கட்டளையிடும் வசதியும் வந்தது. சாம்சங், ஒன்பிளஸ், கூகுள் என்று பெரும்பாலான நிறுவனங்களின் போன்களில் இப்போது இதைப்போல ஏதோ ஒன்று இருக்கிறது. செட்டிங்ஸில் பேட்டரி பகுதிக்குள் போய்த் தேட வேண்டும். வீட்டிலும் அலுவலகத்திலும் பிளக் பக்கத்திலேயே இருப்பவர்கள் அதைப் போட்டுவைப்பது நல்லது. நாள் முழுக்க வெளியே அலைபவர்களுக்கு நூறு தேவைதான், அவர்கள் ஏற்றிக்கொள்ளட்டும். போனைப் பயன்படுத்தத்தான் வாங்குகிறோம்.

அடிக்கடி சொருகினால் ஆயுள் குறையும் என்பது தவறான நம்பிக்கை. பேட்டரியின் ஆயுளைச் 'சுழற்சி' என்ற கணக்கில் அளக்கிறார்கள். 100 சதவிகிதம் அளவுக்குப் பயன்படுத்தினால் ஒரு சுழற்சி. இன்று 50, நாளை 50 என்று பயன்படுத்தினாலும் சேர்த்து ஒன்றுதான். ஐபோன் 14 வரை 500 சுழற்சிக்குப் பிறகு 80 சதவிகிதக் கொள்ளளவு மிஞ்சும்படி வடிவமைத்ததாகச் சொன்ன ஆப்பிள், ஐபோன் 15-க்கு அந்த எண்ணை 1,000 ஆக்கியது.

புது போன் வாங்கியதும் "எட்டு மணி நேரம் சார்ஜ் போட்டுட்டுத்தான் ஆன் பண்ணணும்", "சுத்தமா இறக்கிட்டு அப்புறம் ஏத்தணும்" என்று கடைக்காரர்கள் சொன்ன காலம் ஒன்று உண்டு. நிக்கல் காட்மியம் பேட்டரிக்கு அது பொருந்தியது. பாதியில் சார்ஜ் ஏற்றிப் பழக்கினால் அது பாதிக் கொள்ளளவையே தன் எல்லையாக எடுத்துக்கொள்ளும். லித்தியம் பேட்டரிக்கு அந்தக் குணம் இல்லை. அதைச் சுத்தமாக இறக்குவதுதான் கெடுதல். அலமாரியில் மாதக்கணக்கில் அணைத்துவைத்த பழைய போன் பிறகு உயிர்பெறாமல் போவதற்கு, சார்ஜ் பூஜ்யத்துக்கும் கீழே வடிந்துவிட்டதே காரணம். எடுத்துவைப்பதானால் பாதி சார்ஜில் வைப்பது நல்லது.

அதிவேக சார்ஜிங் பற்றிய பயம் முழுக்கப் பொய்யல்ல. வேகம் என்றால் சூடு. ஆனால் நிறுவனங்கள் அந்தச் சூட்டின் பெரும்பகுதியை போனுக்குள் விடாமல் சார்ஜரிலேயே தங்கும்படி மாற்றியிருக்கின்றன. பேட்டரியையும் இரண்டு செல்லாகப் பிரித்துவிட்டன. தொடக்கத்தில் வேகமாக ஏற்றி, 80-ஐத் தாண்டியதும் படிப்படியாகத் தணிப்பதும் அதனால்தான். சார்ஜ் ஏறும்போதே கேம் ஆடுவதுதான் உண்மையான சிக்கல். தலையணைக்கு அடியில் வைப்பதும் அப்படியே.

யார் தின்கிறார்கள்?

இனி ஒருநாள் கணக்கு. பெரும் தீனிக்காரர்கள் இரண்டு பேர். ஒருவர் கண்ணுக்குத் தெரியும் திரை. இன்னொருவர் கண்ணுக்குத் தெரியாத ரேடியோ.

திரையைப் பற்றி ஊரெல்லாம் சொல்லும் அறிவுரை 'டார்க் மோட்'. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தினர் 2021-இல் இதை அளந்தார்கள். ஓஎல்இடி திரையில் வெளிச்சம் உச்சத்தில் இருக்கும்போது டார்க் மோட் 39 முதல் 47 சதவிகிதம் வரை மின்சாரத்தைச் சேமித்தது. ஆனால் வீட்டுக்குள் வழக்கமாக வைக்கும் 30 முதல் 50 சதவிகித வெளிச்சத்தில், சேமிப்பு வெறும் 3 முதல் 9 சதவிகிதம். எல்சிடி திரை என்றால் அதுவும் இல்லை. அங்கே பின்விளக்கு எப்போதும் எரிந்துகொண்டேதான் இருக்கும். வெளிச்சத்தைக் குறைப்பதுதான் எளிய வழி.

ரேடியோவுக்கு வருவோம். டவர் பக்கத்தில் இருந்தால் போன் மெல்லப் பேசும். தூரத்தில் இருந்தால் கத்தும். சிக்னல் ஒரு கோடு மட்டும் காட்டும் இடத்தில், எதையும் செய்யாமல் பையில் கிடக்கும் போனே சூடாவது இதனால்தான். ரயிலில் மலைப்பகுதியைக் கடக்கும்போது, டவர் மாற்றி டவர் தேடியே பாதி சார்ஜ் போய்விடும். சிக்னலே இல்லாத இடங்களில் ஏர்ப்ளேன் மோடு போடுவது போல் பலன் தரும் உத்தி வேறில்லை. வைஃபை இருக்கும் இடத்தில் மொபைல் டேட்டாவை நம்பியிருக்க வேண்டாம்.

செயலிகள் கதை இன்னும் சுவாரசியமானது. இதே பர்டூ பல்கலைக்கழகத்தின் அபினவ் பதக், சார்லி ஹு ஆகியோர், மைக்ரோசாஃப்ட்டின் மிங் ஜாங்குடன் சேர்ந்து 2012-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு செயலிக்குள் எந்தப் பகுதி எவ்வளவு மின்சாரத்தைச் செலவிடுகிறது என்று பிரித்துப் பார்க்கும் கருவியை அவர்கள் உருவாக்கியிருந்தார்கள். பார்த்த இலவசச் செயலிகளில், 65 முதல் 75 சதவிகித மின்சாரம் விளம்பரத்துக்கான பகுதிகளுக்கே போனது. 'ஆங்ரி பேர்ட்ஸ்' விளையாட்டும் அவற்றில் ஒன்று. இருப்பிடத்தைக் கண்டுபிடிப்பது, அதை அனுப்புவது, விளம்பரத்தை இறக்குவது, அதற்காக ரேடியோவை விழித்திருக்க வைப்பது என்று செலவு போய்க்கொண்டிருந்தது. பறவையைப் பறக்கவிட்டதற்கு ஆனது சிறுபகுதி. 2012-இன் 3ஜி காலக் கணக்கு இது. இன்றைய எண் வேறாக இருக்கும். ஆனால் இலவசம் என்று சொல்லித் தரும் செயலிக்கு, பயனரின் பேட்டரியும் விலையாகப் போகிறது என்பது அன்றே அளந்து நிறுவப்பட்ட உண்மை.

2015 அக்டோபரில் ஃபேஸ்புக்கின் ஐபோன் செயலி மூடியிருக்கும்போதும் சார்ஜைக் குடிப்பதாகப் புகார் கிளம்பியது. நிறுவனம் ஆராய்ந்து பிழைகளை ஒப்புக்கொண்டது. வீடியோ பார்த்து முடித்த பிறகும் அதன் ஒலிப்பகுதி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டே இருந்ததால், செயலி தூங்கவே போகவில்லை.

அதற்காக எல்லாச் செயலிகளையும் மேலே தள்ளித் தள்ளி மூடுவதில் பலனில்லை. பலருக்கு அது கை தானாகச் செய்யும் பழக்கமாகிவிட்டது. 2016-இல் ஆப்பிளின் கிரெய்க் ஃபெடரிகி, தான் அப்படிச் செய்வதில்லை, அது பேட்டரிக்குத் தேவையும் இல்லை என்று ஒரு பயனரின் மின்னஞ்சலுக்குப் பதில் சொன்னார். கூகுளின் ஹிரோஷி லாக்ஹைமரும் ஆண்ட்ராய்டு பற்றி அதையே சொன்னார். மூடிய செயலியை மறுபடி தொடக்கத்திலிருந்து திறப்பதற்குத்தான் கூடுதல் மின்சாரம் ஆகும். செட்டிங்ஸில் பேட்டரிப் பட்டியலைத் திறந்து, பயன்படுத்தாமலேயே மேலே வந்து நிற்கும் செயலியைக் கண்டுபிடித்து, அதன் பின்னணி இயக்கத்தை நிறுத்துவதே முறையான வழி. பேட்டரியை மிச்சப்படுத்தித் தருவதாகச் சொல்லும் தனிச் செயலிகளை நிறுவவே வேண்டாம். அவையும் விளம்பரம் காட்டித்தான் பிழைக்கின்றன.

மெலிவின் விலை

மெல்லிய உடலுக்குள் பெரிய பேட்டரியைத் திணிக்க முயன்றால் என்ன ஆகும் என்பதற்கு 2016 ஒரு பாடம். ஆகஸ்ட் 19 அன்று விற்பனைக்கு வந்த சாம்சங் கேலக்ஸி நோட் 7, தீப்பற்றும் புகார்களால் செப்டம்பர் 2 அன்றே திரும்பப் பெறப்பட்டது. வேறொரு நிறுவனத்தின் பேட்டரியோடு மாற்றிக் கொடுத்த போன்களும் எரிந்தன. அக்டோபரில் தயாரிப்பே நின்றது. சுமார் 700 பேர் கொண்ட குழு, 2 லட்சம் போன்களையும் 30,000 பேட்டரிகளையும் சோதித்தது. 2017 ஜனவரி 23 அன்று முடிவு வந்தது. முதல் வகை பேட்டரியின் மூலையில் மின்முனை மடங்கி நசுங்கியிருந்தது. இரண்டாவது வகையில், பற்றவைத்த இடத்தில் நீட்டிக்கொண்டிருந்த உலோகப் பிசிறு தடுப்புத் தாளைக் குத்தியிருந்தது.

பேட்டரியைப் பயனரே கழற்றும்படி அந்த போன் இருந்திருந்தால், பேட்டரியை மட்டும் மாற்றிக் கொடுத்து முடித்திருக்கலாம். இது வெறும் கற்பனை அல்ல. அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது. 2007 ஆகஸ்டில், நோக்கியாவின் பிஎல்-5சி பேட்டரிகளில் ஜப்பானின் மட்சுஷிட்டா தயாரித்த 4.6 கோடி பேட்டரிகள் அளவுக்கு மீறிச் சூடாகலாம் என்று அறிவிப்பு வந்தது. தமிழ்நாட்டில் அன்று நோக்கியா இல்லாத வீடு அபூர்வம். மக்கள் பின்மூடியைத் திறந்தார்கள், பேட்டரியில் அச்சிட்ட எண்ணைப் பார்த்தார்கள், பாதிக்கப்பட்ட வரிசை என்றால் மாற்றிக்கொண்டார்கள். ஒரு போன்கூடக் குப்பைக்குப் போகத் தேவைப்படவில்லை. அப்போது ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை இயங்கத் தொடங்கி ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது. 2014 நவம்பரில் அது மூடப்படுவதற்குள், பேட்டரியைக் கழற்றும் போன்களின் காலமும் ஏறத்தாழ முடிந்துவிட்டது.

இன்று பேட்டரியைப் பசை போட்டு ஒட்டி, மேலே கண்ணாடி மூடி, அதற்கும் பசை. மாற்ற வேண்டுமென்றால் சூடுபடுத்தி நெம்ப வேண்டும். அதிகாரபூர்வ சர்வீஸ் சென்டரில் சொல்லும் கட்டணம், மூன்று நான்கு வருடப் பழைய போனின் மறுவிற்பனை மதிப்புக்குப் பக்கத்தில் வந்துவிடுவதும் உண்டு. தெருக்கடையில் 'ஒரிஜினல்' என்று ஸ்டிக்கர் ஒட்டிய பேட்டரி கிடைக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று ஸ்டிக்கரை வைத்துச் சொல்ல முடியாது. உப்பிய பேட்டரியோடு போனைத் தொடர்ந்து பயன்படுத்துபவர்களையும் பார்க்க முடிகிறது. அது ஆபத்து. உள்ளே வாயு சேர்ந்து வீங்கியிருக்கிறது. குத்தக் கூடாது, அழுத்தக் கூடாது, சார்ஜ் போடக் கூடாது.

சிலிக்கான் கலந்த கார்பன் மின்முனை கொண்ட பேட்டரிகள் இப்போது கொள்ளளவை ஏற்றிவிட்டன. 2023-இல் சீனாவில் ஹானர் தொடங்கிவைத்தது. ஒன்பிளஸ் 13-இல் 6,000 எம்ஏஎச், 2025-இல் இந்தியாவுக்கு வந்த ஐக்யூ இசட்10-இல் 7,300 எம்ஏஎச் என்று எண்கள் ஏறின. கிராஃபைட்டைவிடப் பல மடங்கு லித்தியத்தைச் சிலிக்கான் பிடித்துவைக்கும். பிடித்துவைக்கும்போது மூன்று மடங்குக்கும் மேலாக உப்பவும் செய்யும். அதனால்தான் கொஞ்சமாகக் கலக்கிறார்கள். ஒருநாள் கவலையை இது தீர்க்கும். ஆண்டுக் கவலையைத் தீர்க்குமா என்பது இந்த போன்கள் நான்கைந்து கோடையைக் கடந்த பிறகுதான் தெரியும்.

பெட்டியில் அச்சிட வேண்டிய எண்

2017 கற்றுக்கொடுத்தது போதவில்லை. 2025 ஜனவரியில் கூகுள், பிக்சல் 4ஏ போன்களுக்கு ஒரு மென்பொருளை அனுப்பியது. பலருடைய போனில் சார்ஜ் நிற்கும் நேரம் திடீரென்று சுருங்கியது. ஜூலையில் பிக்சல் 6ஏ-வுக்கு இன்னொன்று. 400 சுழற்சியைத் தாண்டிய பேட்டரிகள் சூடாகும் அபாயத்தைத் தவிர்க்க அவற்றின் கொள்ளளவும் சார்ஜிங் வேகமும் குறைக்கப்பட்டன. இந்த முறை நிறுவனம் முன்கூட்டியே அறிவித்தது, இலவச பேட்டரியோ இழப்பீடோ தருவதாகச் சொன்னது. 2017-ஐவிட இது முன்னேற்றம். ஆனாலும், காசு கொடுத்து வாங்கிய பொருளின் திறன் ஓர் இரவில் தூரத்திலிருந்து குறைக்கப்படுகிறது.

ஐரோப்பிய ஒன்றியம் இதைச் சட்டத்தால் அணுகுகிறது. 2025 ஜூன் 20 முதல் அங்கே விற்பனைக்கு வரும் புது ஸ்மார்ட்போன்களின் பேட்டரி, 800 சுழற்சிக்குப் பிறகும் 80 சதவிகிதக் கொள்ளளவோடு இருக்க வேண்டும். பெட்டியோடு வரும் லேபிளில், ஒருமுறை சார்ஜ் போட்டால் எத்தனை மணி நேரம் ஓடும், பேட்டரி எத்தனை சுழற்சி தாங்கும், பழுது பார்ப்பது எவ்வளவு எளிது என்ற மூன்றும் அச்சிட்டிருக்கும். 2027 பிப்ரவரி 18 முதல், சாதாரணக் கருவிகளைக் கொண்டு பயனரே பேட்டரியை மாற்ற வழியிருக்க வேண்டும். தண்ணீர் புகாத வடிவமைப்போடு 1,000 சுழற்சி தாங்கும் பேட்டரிகளுக்கு மட்டும் விலக்கு.

இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுது பார்க்கும் உரிமைக்கான இணையவாசலைத் தொடங்கியது. போன்களுக்கும் மின்னணுச் சாதனங்களுக்கும் பழுதுபார்ப்புக் குறியீடு ஒன்றை வகுக்க 2024-இல் அமைந்த குழு, 2025 மே மாதம் அறிக்கையையும் கொடுத்துவிட்டது. உதிரிபாகம் கிடைக்கிறதா, என்ன விலை, பிரிப்பது எளிதா என்பவற்றை வைத்து மதிப்பெண் போட வேண்டும் என்பது அதன் பரிந்துரை. 40 டிகிரி வெயிலில் போனைத் தூக்கிக்கொண்டு திரியும் நாட்டில், அந்தப் பட்டியலில் பேட்டரியின் சுழற்சி எண்ணும் மாற்றுக் கட்டணமும் முதல் வரியில் இருக்க வேண்டும். ஐரோப்பாவிலும் இங்கேயும் ஒரே மாடலை விற்கும் நிறுவனங்கள் அந்தச் சோதனையை ஏற்கெனவே செய்து முடித்து, எண்ணை அங்கே அச்சிட்டும் கொடுக்கின்றன. அதே எண்ணை இந்தியப் பெட்டியிலும் அச்சிடச் சொல்ல ஓர் அரசாணை போதும்.